ஹௌசா கேட்ட காட்சி

வத்சலாவுக்குப் பாட வராது. கோயில் ஆரத்தியில்கூட வாயை மட்டும் அசைத்துவிட்டு வந்துவிடுவாள். அவளைத்தான், நிஜமாகவே வாழ்ந்த மராத்தி லாவணி ஆட்டப் பாடகி அனசூயாபாயாக ஒரு படத்தில் நடிக்கக் கூப்பிட்டார்கள்.

கோலாப்பூரில் படம் எடுக்கிற எல்லோருக்கும் வத்சலா சுதாரைத் தெரியும். படம் பார்க்கிற யாருக்கும் தெரியாது. அப்பா ஸ்டுடியோவில் செட் போடும் தச்சர். அவருக்குச் சாப்பாடு கொண்டுபோன பெண்ணை, கூட்டத்தில் ஆள் குறைகிறதென்று ஒருநாள் பிடித்து நிறுத்தினார்கள். அன்று தொடங்கியது. கல்யாண வீட்டில் பந்தி பரிமாறுகிறவள், கதாநாயகியின் பக்கத்து வீட்டுக்காரி, ஆஸ்பத்திரியில் “டாக்டர் வராரு” என்று சொல்கிறவள். பெயருள்ள வேடம் கிடைத்தது ஐம்பதைத் தாண்டிய பிறகுதான். இளமைக்கால அனசூயாவாக மும்பையிலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். குரல் கெட்டு, மேடை இழந்து, ஊருக்குத் திரும்பும் அனசூயாதான் வத்சலா.

புருஷன் தின்கர் வீட்டு முன்பக்கத்தில் வைத்திருந்த சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டிக்கொண்டே கேட்டான். “இத்தனை வருஷமா உன்னை வாயே திறக்க விடல. இப்பப் பாட்டுக்காரி வேஷம் குடுத்துட்டு, அதுலயும் குரல் போனவளா?”

அனசூயாபாய் ஆட்டக்குழுவோடு கிளம்பியபோது, ஆறேழு வயது மகளைத் தங்கை வீட்டில் விட்டுவிட்டுப் போனவள். வயதான பிறகு ஒரே ஒரு தடவை அந்த மகளின் வாசலுக்கு வந்தாள். டீ குடித்தாள், போய்விட்டாள். அக்கம்பக்கத்தார் சொன்னதை இயக்குநர் நினாத் அப்படியே எழுதியிருந்தார். ஒரு சொட்டுக் கண்ணீர் கிடையாது. அந்தக் காட்சியில் அவருக்குத் தனிப் பெருமை.

அந்த மகள் ஹௌசா, மங்கள்வார் பேட்டையில் மசாலாப் பொடி இடித்து விற்றுக்கொண்டிருந்தாள். படக்காரர்கள் சம்மதத்துக்குக் கையெழுத்து வாங்கியதோடு சரி, வேறெதுவும் கேட்கவில்லை. வத்சலா போனாள். மசாலா வாங்க வந்ததுபோல நின்றவளை ஹௌசா ஒரு பார்வை பார்த்தாள்.

“நீதானே எங்கம்மா?” என்றாள்.

வத்சலாவுக்குச் சிரிப்பும் வந்தது, கூச்சமும் வந்தது. உள்ளே உட்கார்ந்து, காட்சியில் எழுதியிருப்பதைச் சொன்னாள். அப்படித்தான் நடந்ததா என்று கேட்டாள்.

அப்படித்தான் என்றாள் ஹௌசா. சர்க்கரை போதலைன்னு அம்மா இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டாளாம். பேச்சு ஒன்றும் இல்லை. மிளகாய்க் காம்பைக் கிள்ளிக்கொண்டே, ஹௌசா தலை நிமிராமல் சொன்னாள்.

“எழுந்திருக்கறப்போ என் பக்கமா கையை நீட்டினா. அந்தக் கையில கப்பு இருந்துச்சு. கப்பைத்தான் குடுக்கறான்னு நான் வாங்கிட்டு உள்ள போயிட்டேன். அதுக்கில்லன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் போனேன்.”

ஹௌசா இப்போதுதான் நிமிர்ந்தாள்.

“படத்துலயாவது அவ என்னைக் கட்டிப் பிடிச்சுக்கட்டும். நடந்ததை நான் பார்த்தாச்சு. அதையே காசு குடுத்து இன்னொரு தடவை பார்க்கணுமா?”

இயக்குநரிடம் எதையும் கேட்டுப் பழக்கமில்லாதவள் வத்சலா. எங்கே நிற்கச் சொன்னாலும் நிற்பாள். படப்பிடிப்பு அன்றும் எழுதியிருந்தபடியே டீயைக் குடித்தாள், சர்க்கரை கேட்டாள், எழுந்தாள். மகளாக நடித்த ருதுஜா கப்பை வாங்கக் கை நீட்டினாள். வத்சலா கொடுக்கவில்லை. குனிந்து கப்பைத் தரையில் வைத்தாள். பிறகு அந்தப் பெண்ணை இழுத்து நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள். எதிர்பார்க்காத ருதுஜா ஒரு நொடி விறைத்து நின்றாள். அப்புறம் நிஜமாகவே அழுதுவிட்டாள்.

ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று நினாத் வந்து கேட்டார். கோபத்தை அடக்கிக்கொண்டு கேட்டது தெரிந்தது.

“கை தன்னால போயிடுச்சு சார்,” என்றாள் வத்சலா. ஹௌசாவைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை.

எழுதியிருந்தபடி மறுபடியும் எடுத்தார்கள். அதையும் ஒழுங்காகவே நடித்துக் கொடுத்தாள். ஆனால் படத்தொகுப்பில் நினாத் இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்திருக்கிறார். கடைசியில் முதலில் எடுத்ததையே வைத்துக்கொண்டார்.

படம் ஓரளவு ஓடியது. ஒரு பத்திரிகையில், நிதானமாகப் போன படத்தை மூத்த நடிகையின் அந்த மலிவான கட்டிப்பிடிப்பு கெடுத்துவிட்டதென்று எழுதினார்கள். தின்கர் அதைப் படித்துக் காட்டிவிட்டு, கையை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கக் கூடாதா என்றான். வத்சலா அடுத்த பாக்ரி ரொட்டியைத் தட்டினாள்.

ஹௌசா மருமகளோடு போய்ப் படம் பார்த்தாள். மறுவாரம் சைக்கிள் கடைக்கு வந்து, வத்சலாவை வெளியே கூப்பிட்டாள். படம் எப்படி இருந்தது என்று வத்சலா கேட்டாள். ஆட்டக் காட்சியில் புடவைக்கட்டு சரியில்லை, மூக்குத்தி ரொம்பப் பெரிசு என்று ஹௌசா வரிசையாகக் குறை சொன்னாள். கிளம்பும்போதுதான் அதைச் சொன்னாள்.

“இன்னும் கொஞ்ச நேரம் பிடிச்சிருந்திருக்கலாம் நீ.”

“வெட்டிட்டு அவ்வளவுதான் வெச்சிருக்காங்க அக்கா. நான் நிறைய நேரம்தான் பிடிச்சிருந்தேன்.”

“அப்படியா,” என்றாள் ஹௌசா. தலைப்பை இழுத்துத் தோளில் போர்த்திக்கொண்டு பேட்டைப் பக்கம் நடந்தாள்.