நாலு நிமிஷம் பின்னால்

பாதைக்காரம்மா என்றால் சரணாலயத்தில் எல்லோருக்கும் தெரியும். ஏரியைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்காக அங்கே நான்கு கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு மண்பாதை. காலையில் வாசல் திறக்கும் முன் அதை முழுக்க நடந்து, விழுந்த கிளைகளை ஓரமாக இழுத்துப் போட்டு, சிலந்தி வலைகளைக் குச்சியால் விலக்கி, முந்தின நாள் வீசிப்போன பாட்டில்களைச் சாக்கில் பொறுக்கி வருவதுதான் பதினோரு வருடமாக அவள் வேலை. "இங்க சிறுத்தை இருக்கா?" என்று கேட்காத ஆள் கிடையாது. "இருந்தா என் கண்ணுல படாமப் போகுமா?" என்று அவளும் சலிக்காமல் சொல்லி அனுப்புவாள்.

ஒருநாள், மரங்களில் கேமரா கட்டியிருந்த ஆராய்ச்சிக்காரப் பெண் அவளை அலுவலகத்துக்குக் கூப்பிட்டாள். கணினித் திரையில் பாதைக்காரம்மாவின் முதுகு, தோளில் சாக்கு. மூலையில் நேரம் ஆறு பத்து. அடுத்த படத்திலும் அதே வளைவு, ஆறு பதினாலு. அவள் நடந்த தடத்தின் மேலேயே ஒரு சிறுத்தை, தலையைத் தாழ்த்தி, அவசரமே இல்லாமல்.

"இது என்னைக்கு எடுத்தது?"

"போன வியாழக்கிழமைக்கா. ஆனா இது ஒண்ணு மட்டும் இல்ல."

இரண்டு மாதப் படங்களில் மொத்தம் ஒன்பது நாள். அவள் சட்டை மாறியிருந்தது, வெயில் மாறியிருந்தது; பின்னால் வந்தது மாறவில்லை.

முதலில் அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. அதற்குப் பிறகே ஆறு பத்திலிருந்து ஆறு பதினாலு வரை விரல் விட்டு எண்ணினாள்.

"என்னைய எதுக்கும்மா தொடருது?"

"தொடருதான்னே தெரியலக்கா. நீங்க வலையெல்லாம் விலக்கிவிட்டுப் போறீங்க. நடக்க வசதியா இருக்குன்னு வருதோ என்னவோ."

"அப்ப இத்தனை நாளும் நான் அதுக்கா வேலை பார்த்தேன்?"

ஆராய்ச்சிக்காரி அடுத்த படத்தைத் திறந்தாள்.

வீட்டில், தையல் மெஷினில் குனிந்திருந்த கணவன் எல்லாவற்றையும் கேட்டான். "ஒண்ணும் பண்ணலையே, அப்ப நல்லதுதானே" என்றான். அரை முழம் தைத்துவிட்டு மெஷினை நிறுத்தினான். "நாளைக்கு நீ போகாத."

"நல்லதுன்னீங்களே?"

"ஆமா, நல்லதுதான். போகாத."

அந்த யோசனைக்கே வேலை வைக்காமல், மறுநாள் வனச்சரகர் பாதையை மூடி, அவளை வாசலில் டிக்கெட் கிழிக்க உட்கார வைத்தார். நிழல், நாற்காலி, தலைக்கு மேல் மின்விசிறி. சந்தோஷப்பட வேண்டியதுதான். ஆனால் தன் வீட்டை யாரோ பிடுங்கிக்கொண்ட மாதிரி ஒரு ஆத்திரம் வந்தது. அது முதலில் யாருடைய வீடு என்று யோசித்ததும் அந்த ஆத்திரமும் நிலைக்கவில்லை. பயப்படலாம் என்று பார்த்தால், பயமும் ஒழுங்காக வரவில்லை.

மூன்று வாரம் கழித்து ஆராய்ச்சிக்காரி வந்து, "நீங்க நிறுத்தினதுலேர்ந்து அதுவும் அந்தப் பக்கம் வரலக்கா" என்றாள்.

"அதுக்கு ஏதாவது ஆயிருச்சா?" சட்டென்று கேட்டுவிட்டாள் பாதைக்காரம்மா.

ஒன்றும் ஆகவில்லை. ஏரிக்கு அக்கரையில் இருந்த கேமராவில் அது விழுந்திருந்தது. முன்னால் யாரும் போகாத புதர்க்காட்டில், தனியாக, அதே அவசரமில்லாத நடை.

பாதை மறுபடி திறந்தது. இனி தனியாகப் போகக் கூடாது என்று உத்தரவு. துணைக்கு வந்த காவலர் சிறுத்தைக்குப் பயந்து உரக்கப் பேசிக்கொண்டே நடந்தார். ஒரு பறவைகூடக் கிட்டே வரவில்லை. அவளோ பத்தடிக்கு ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

அன்று சாயங்காலம் கணவன் கேட்டான்: "இப்ப நிம்மதிதானே?"

"ஆமா" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தி அவனைப் பார்த்தாள்.

"ஆமான்னா சொன்னேன்?"