சந்தனம் வைத்த பென்டிரைவ்

சென்னகிருஷ்ணனுக்கு எதையும் விட்டுவைக்க மனசு வராது. ஆயுத பூஜையன்று, பாகலூர் ரோட்டில் இருக்கும் அவருடைய லேத் பட்டறையில் உழைக்கிற பொருள் அத்தனைக்கும் பொட்டு உண்டு. சிஎன்சி மெஷினுக்கு, எண்ணெய் கேனுக்கு, டீ வாங்கிவரும் பிளாஸ்க்குக்கு. ஒரு வருஷம் கரண்ட் மீட்டருக்கும் வைத்துவிட்டார். ரீடிங் எடுக்க வந்தவர் நகத்தால் சுரண்டித்தான் நம்பரைப் பார்த்தார்.

தளிப் பக்கம் தக்காளி போட்ட குடும்பம். ஓசூர் கம்பெனிகளில் ஆபரேட்டராக இருந்துவிட்டு, பழைய மெஷின் ஒன்றை வாங்கித் தனியாகத் தொழில் தொடங்கியவர். மனைவி அனிதா பட்டறையிலேயே உட்கார்ந்து ஒவ்வொரு பீஸையும் அளந்து பெட்டியில் அடுக்குவாள்.

இந்த வருஷம் பென்டிரைவும் மாட்டிக்கொண்டது. மெஷின் பழசு, அதற்கு ஞாபகம் குறைவு. எந்த பீஸ் ஓட்ட வேண்டுமோ அந்தப் புரோகிராமைப் பென்டிரைவிலிருந்து ஏற்றினால்தான் ஓடும். "இதுவும் நமக்காக உழைக்குதே" என்று, கம்ப்யூட்டரில் செருகுகிற வாய்க்குள்ளேயே சந்தனம் வைத்து, மேலே குங்குமமும் வைத்தார்.

லீவு முடிந்து செருகியபோது, ஃபார்மட் செய்யட்டுமா என்று கம்ப்யூட்டர் கேட்டது. யார் எதைக் கேட்டாலும் இல்லை என்று சொல்லிப் பழக்கமில்லாதவர். எஸ் அமுக்கினார். அப்புறம் பார்த்தால் உள்ளே ஒன்றுமே இல்லை.

அன்று சாயங்காலம், ஆர்டர் கொடுத்த கம்பெனியின் கேட் மூடுவதற்குள், பைக்கில் மாட்டும் புஷ் என்கிற இரும்பு வளையம் ஒரு பெட்டி போயாக வேண்டும். இல்லையென்றால் வேலையைப் பக்கத்து யூனிட் மாதேஷுக்கு மாற்றிவிடுவோம் என்று சொல்லியிருந்தார்கள். பட்டறையில் நிலையாக ஓடுகிற வேலை அது ஒன்றுதான்.

பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கும் ஜெபசீலியிடம் ஓடினார். அவள் பென்டிரைவை லென்ஸுக்கு அடியில் வைத்துப் பார்த்தாள்.

"என்னண்ணா, உள்ள ஏதோ அடை மாதிரி காஞ்சு கெடக்குது?"

"சந்தனம்மா."

"சந்தனம் வெச்சா வேலை செய்யும்னு யார் சொன்னாங்க?"

"லீவுக்கு முன்னாடி நல்லாத்தாம்மா செஞ்சுது."

"அப்ப சந்தனம் இல்லீங்களே." ஸ்பிரிட்டில் பிரஷ்ஷைத் தோய்த்தாள். "வேற எங்கயாச்சும் காப்பி இருக்குதா?"

"இல்லாமலா? நான் என்ன ஏமாந்தவனா? இதுலயே இன்னொரு ஃபோல்டர்ல போட்டு வெச்சிருக்கேன்."

ஜெபசீலி பென்டிரைவைத் துடைத்துத் தன் கம்ப்யூட்டரில் செருகினாள். பிறகு, "ஃபார்மட் ஏதாச்சும் குடுத்தீங்களா?" என்றாள்.

"சேச்சே."

அவள் திரையைப் பார்த்தாள். "குடுத்திருக்கீங்க."

"ஒரே ஒரு தடவைதாம்மா."

ஃபைல்களை மீட்கும் சாஃப்ட்வேரை ஓடவிட்டாள். "எல்லாம் வந்துடும்ணா. ஆனா பேர் இருக்காது, வெறும் நம்பர்தான். ஒவ்வொண்ணாத் தொறக்கறேன், எது எதுன்னு நீங்க சொல்லணும்."

"எனக்கு எங்கம்மா தெரியும்? புரோகிராம் போட்ட ஹரீஷ்குமார் பெங்களூரு போயிட்டான். அளவெல்லாம் அனிதாவுக்குத்தான் மனப்பாடம்."

"அப்ப அக்காவை வரச் சொல்லுங்க. ஒண்ணு விடாம வந்துடும். நீங்க எப்பவோ அழிச்சதுகூட."

போனை எடுத்தவர் அப்படியே நின்றார். "அழிச்சதுகூடவா?"

விஷயம் இதுதான். வீட்டில் முட்டைகூட உடைக்காத புரட்டாசிச் சனிக்கிழமை ஒன்றில், பெங்களூரில் மெஷின் கண்காட்சி என்று சொல்லிவிட்டு மாதேஷோடு ஒகேனக்கல் போயிருந்தார். மாதேஷ் எடுத்த போட்டோக்கள் போனில் இருந்தால் அனிதா பார்த்துவிடுவாள் என்று பென்டிரைவில் வாங்கி, ஆசைதீரப் பார்த்துவிட்டு அழித்திருந்தார்.

"ஏம்மா, சிலதை மட்டும் விட்டுட்டு எடுக்க முடியாதா?"

"எதைன்னு சொல்லுங்க, விட்டுடறேன்."

அதற்குள் கம்பெனி ஸ்டோரிலிருந்து போன். பெட்டி எங்கே என்று கன்னடத்தில் ஒரு கத்தல். "பர்த்தாயிதே சார், பர்த்தாயிதே" என்று, வந்துகொண்டே இருப்பதாகச் சொல்லி வைத்தவர், அடுத்த போனை அனிதாவுக்குப் போட்டார்.

ஸ்கூட்டியில் வந்த அனிதா கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். திரையில் எண்கள் ஓடின. "இதில்ல. இது பழைய பின்னு. இதுவும் இல்ல."

அடுத்ததைத் திறந்தாள் ஜெபசீலி. பின்னால் அருவி. முன்னால் சென்னகிருஷ்ணன், முழுசாகப் பொரித்த மீன் ஒன்றைக் கன்னத்தோடு வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார். மூலையில் தேதி.

"ஏங்க, கண்காட்சியில இது எந்த ஸ்டாலு?"

அவர் சீலிங் ஃபேனைப் பார்த்தார். ஜெபசீலி, நன்றாக இருந்த ஒரு மவுஸைக் கழற்றிப் பழுதுபார்க்க ஆரம்பித்தாள்.

"அடுத்தது போடும்மா" என்றாள் அனிதா.

அடுத்ததில் மாதேஷ் அவருக்கு ஊட்டிக்கொண்டிருந்தான்.

"அடுத்தது."

அதிலும் மீன்.

"அடுத்தது... நில்லு, நில்லு. நாப்பத்திரெண்டரை. இதுதான் நம்ம புஷ்ஷு. ஏத்திக் குடு."

பட்டறையில் மெஷின் ஓடியது. முதல் பீஸை அனிதா துடைத்து, மைக்ரோமீட்டரில் திருகி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அவர் கையைப் பிசைந்துகொண்டு பக்கத்தில் நின்றார்.

"எல்லாம் சரியா இருக்குதா?"

"பீஸ் சரியா இருக்குது" என்றாள்.

கேட் மூடுவதற்குள் பெட்டி போய்ச் சேர்ந்தது. பீஸைத் தவிர வேறு எதையும் சரி என்று அவள் அன்றைக்குச் சொல்லவில்லை.