முகட்டுக்கு அந்தப் பக்கம் இறங்கிய நாள்

போன வருடம் செப்டெம்பர் மாதம், ஜெர்மனியையும் ஆஸ்திரியாவையும் பிரிக்கும் அல்கோய் மலையில் நடந்தது இது. நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. ஆனால் ஸ்டுட்கார்ட்டில் இன்று எனக்கு மூன்று உணவுக்கடைகள். யாருடைய உதவியும் இல்லாமல் எழும்பியவன் நான். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை.

என் கடையில் பாத்திரம் கழுவ ஊரிலிருந்து ஒருவர் வந்திருந்தார். நாற்பது வயது. அங்கே பூமிசாத்திர ஆசிரியராக இருந்தவர். அகதி விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருந்தார். முடிவு வரும்வரை நாட்டை விட்டு வெளியே கால் வைக்கக்கூடாது. மலை காட்டுகிறேன் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரைக் காரில் கூட்டிப்போனேன். வழி முழுக்க, நான் அந்தக் காலத்தில் காட்டுக்குள்ளால் எல்லை கடந்து வந்த கதைதான்.

முகட்டில் ஏறியதும் புகார் மூடி, பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. அவர் வரைபடத்தை விரித்தார்.

“அண்ணை, இந்த முகடுதான் எல்லை. நாங்கள் வடக்காலை இறங்கவேணும். ஒருக்காப் பாருங்கோவன்.”

“வாத்தியார், இது உம்மட வகுப்பில்லை. நான் என்ன, படம் பாத்தே இந்த நாட்டுக்கு வந்தனான்? பின்னாலை வாரும்.”

முதலாளி சொன்னால் அவர் என்ன செய்வார்? வந்தார்.

கீழே பஸ் தரிப்பிடத்தில் ஆஸ்திரியக் கொடி பறந்தது. அவர் வரைபடத்தை மடித்துச் சட்டைக்குள் வைத்தார்.

“வாற கிழமை எனக்கு விசாரணை, அண்ணை.”

“எங்கட பக்கம் போற பஸ்ஸிலை ஏறும். ஒருத்தரும் பாக்கமாட்டினம்.”

“உங்களைப் பாக்கமாட்டினம்.”

என் கையிலிருந்த தண்ணீர்ப் போத்தலை மட்டும் வாங்கிக்கொண்டு, வந்த வழியே மலையில் ஏறத் தொடங்கினார். நானும் வருகிறேன் என்றேன். “உங்கட முழங்காலுக்கு ஏலாது. நீங்கள் போங்கோ” என்றார். அது உண்மைதான். நான் பஸ்ஸில் ஏறினேன்.

எல்லையில் பொலிஸ் ஏறியது. என் ஜெர்மன் அடையாள அட்டையை ஒரு கண் பார்த்துவிட்டு, நல்ல பயணம் என்று வாழ்த்தினார்கள். எத்தனையோ பேருக்கு நெஞ்சை நிமிர்த்திக் காட்டிய அட்டை அது. அன்று அதை உள்ளே வைக்கும்போது கை கூசியது.

கார் நிறுத்திய இடத்தில் நான்கு மணித்தியாலம் நின்றேன். மழை கொட்டியது. மலையைப் பார்த்தபடி எல்லாக் கடவுளையும் கூப்பிட்டேன். இருட்டுவதற்குச் சற்று முன், தோல் உரிந்த உள்ளங்கைகளோடு அவர் இறங்கி வந்தார். வந்ததும் கேட்டது ஒன்றுதான்.

“கனநேரம் நிண்டிட்டியளோ, அண்ணை?”

சட்டைக்குள்ளிருந்து வரைபடத்தை எடுத்தார். அவர் தெப்பமாக நனைந்திருந்தார், அது நனையவில்லை.

விசாரணைக்கு அவர் போய் வந்துவிட்டார்; முடிவு இன்னும் வரவில்லை. கடையில் யாராவது என் பழைய எல்லைக் கதையைக் கேட்டால், இப்போதெல்லாம் பாதியில் நிறுத்திவிடுகிறேன்; முழுவதும் சொல்வதென்றால், அவரை மலையில் விட்டுவிட்டு நான் பஸ்ஸில் ஏறியதையும் சொல்லவேண்டும்.