கையெழுத்துப் போடாத சக்கரவர்த்தி

நெய்வேலி மைன்ஸில் முப்பத்திரண்டு வருஷம் பெயின்டராக இருந்தேன். வேலை சேஃப்டி போர்டு எழுதுவது. நான் வரைந்த முகங்கள் எல்லாம் ஹெல்மெட் போட்டவை. தலைமுடி வரைவதே மறந்துபோயிருந்தது.

ரிட்டயர் ஆவதற்கு இரண்டு வருஷம் முன்பு, 2010களின் நடுவில், எங்கள் மாதா கோயில் திருவிழாவுக்கு ஒரு சரித்திர நாடகம் போட்டோம். சாமி படங்களைக் கும்பிடக் கூடாது என்று தடை போட்ட ஒரு பைசாந்தியச் சக்கரவர்த்தியின் கதை. கான்ஸ்டான்டிநோபிள் அரண்மனை வாசலுக்கு மேலிருந்த இயேசு படத்தை உடைக்க ஒரு சிப்பாயை ஏணியில் ஏற்றுவார். அவன் உடைத்ததும் ஊர்ப் பெண்கள் கொதித்துப்போய் ஏணியை இழுத்துத் தள்ளுவார்கள்.

சக்கரவர்த்தி வேஷம் எங்கள் செக்‌ஷன் என்ஜினீயர் ஜோசப் சாருக்கு. அதட்டுவதற்கு அவருக்கு ஒத்திகையே தேவைப்படவில்லை. சிப்பாய், பக்கத்துக் கிராமம் வடக்குத்திலிருந்து வரும் ஏகாம்பரம். மைன்ஸில் கன்வேயர் பெல்ட் பழுது பார்க்கும் ஃபிட்டர். எங்கள் மதம் இல்லை, ஆனால் ஏணி ஏறுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. படம் என் பொறுப்பு.

பதினைந்து நாள் குவார்ட்டர்ஸில் உட்கார்ந்து பிளைவுட்டில் வரைந்தேன். கண்ணுக்கு மட்டும் மூன்று நாள். முடிந்த அன்று என் மனைவி அதன் முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றி வைத்துவிட்டாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இதை உடைக்கப் போகிறார்களே.

ஜோசப் சாரிடம் போனேன். "சார், உடைக்கறதுக்கு அட்டையில வேற ஒண்ணு செஞ்சி தரேன்."

"அட்டைன்னா சத்தம் வராதுய்யா. உடைக்கத்தானே வரைஞ்ச?"

பெத்தவனிடம் கேட்கிற கேள்வியா இது? திரும்பி வந்தேன்.

நாடகத்தன்று முன்வரிசையில் பங்குச் சாமியார். ஏகாம்பரம் கோடாலியோடு இரண்டு படி ஏறினார். படத்தைப் பார்த்தார். இறங்கிவிட்டார்.

"உம், ஏறு" என்றார் சக்கரவர்த்தி.

"மகாராஜா, எட்டடி உயரம். ஏணிய இழுக்கறதுக்கு கீழ பொம்பளைங்க வேற நின்னுகினு இருக்காங்க. பர்மிட் இல்லாம ஏற மாட்டேங்க."

இது வசனத்தில் இல்லை. மைதானமே சிரித்தது. ஏகாம்பரம் சிரிக்காமல், நாடகத்துக்காகக் கையில் கொடுத்திருந்த அரச ஆணைச் சுருளை நீட்டினார்.

"இதுலயே எழுதுங்க. 'சாமி படத்த நான்தான் ஒடைக்கச் சொன்னேன்'னு. கீழ ஒரு கையெழுத்து."

மைன்ஸில் உயரத்தில் ஏறி வேலை செய்ய அதிகாரியிடம் எழுதி வாங்கும் அனுமதிச் சீட்டுதான் பர்மிட். அதில் கையெழுத்துப் போட்டவர்தான் எல்லாவற்றுக்கும் பொறுப்பு. எங்கள் ஊரில் இது குழந்தைக்கும் தெரியும். ஜோசப் சாரின் கை பழக்கதோஷத்தில் அங்கிக்குள் போய்ப் பேனாவை எடுத்துவிட்டது. எடுத்தவர் அண்ணாந்து பார்த்தார். நான் மூன்று நாள் வரைந்த கண்கள் அவரைப் பார்த்தன. பேனா அப்படியே நின்றது.

"டேபிள்ல வச்சிட்டுப் போ, பார்க்கறேன்" என்றார் சக்கரவர்த்தி, ஆபீஸ் குரலில்.

திரையை இறக்கிவிட்டார்கள். நிஜக் கதையில், ஒரு மகாராணி வந்து தடையை நீக்கி முடிப்பதற்கு நூறு வருஷத்துக்கு மேல் ஆனதாம். எங்கள் ஊரில் ஐந்து நிமிஷத்தில் முடிந்தது.

மேடைக்குப் பின்னால் ஏகாம்பரத்தைக் கட்டிக்கொண்டேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது. "அவர் கையெழுத்துப் போட்டிருந்தா உடைச்சிருப்பியா?" என்று கேட்டேன்.

"போட மாட்டாருண்ணே. இருவது வருஷமா அவருகிட்டதான் பர்மிட்டுக்கு அலைஞ்சிகினு இருக்கேன்."

அதற்குப் பிறகு எந்த அதிகாரி எந்தப் பழைய போர்டை அழிக்கச் சொன்னாலும், "எழுதிக் குடுங்க சார், அழிச்சிடறேன்" என்பேன். நான் ரிட்டயர் ஆகும்வரை ஒரு போர்டும் அழியவில்லை.