மிச்சம் வைத்த மாத்திரை

அருப்புக்கோட்டையில் ஒரு லேபில் வேலை பார்க்கிறேன். நரிக்குடிப் பக்கம் ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவர், நீர்க்கடுப்பும் காய்ச்சலுமாக மனைவியோடு வந்தார். சிறுநீரிலிருந்த கிருமியை ஒரு தட்டில் வளர்த்து, அதன்மேல் ஒவ்வொரு மருந்தையும் வைத்துப் பார்த்தோம். ஓர் ஊசி மருந்தைத் தவிர வேறு எதற்கும் அது சாகவில்லை. அரைகுறையாகப் போட்ட மாத்திரைகளுக்குக் கிருமி இப்படிப் பழகிப்போவதுண்டு என்பதால், முடிவு வாங்க வந்தவரிடம் கேட்டேன்.

"முன்னாடி என்ன மாத்திரை போட்டீங்கய்யா?"

"காய்ச்சல்னா மெடிக்கல்ல நாலு வாங்குவேன். ரெண்டு எனக்கு, ரெண்டு கழியுற ஆட்டுக்கு. ரெண்டு பேருமே எந்திரிச்சிருவோம்" என்று சிரித்தார்.

"ஆட்டுக்குக் குடுக்க மறக்க மாட்டாக, தனக்குத்தான் மறந்துருவாக" என்றார் மனைவி.

டாக்டர் அவரை மதுரை பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார். அதற்குள் கிருமி ரத்தத்தில் ஏறியிருந்தது. அவர் உயிரோடு ஊர் திரும்பவில்லை.

சில மாதங்கள் கழித்து அந்த அம்மா தனியாக வந்தார். முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பாதி தீர்ந்த மாத்திரை அட்டையை நீட்டினார்.

"எனக்கும் நீரு கடுக்குதுத்தா. அவுக மிச்சம் வச்சது. போட்டுக்கிறவா?"

"வேணாம்மா. டெஸ்ட் எடுத்துட்டு டாக்டர் குடுக்கிறதப் போடுங்க. அதை என்கிட்ட குடுத்துருங்க."

"போட மாட்டேன்த்தா. ஆனா அவுக கை பட்டது" என்று மறுபடி முந்தானையில் முடிந்துகொண்டார்.

இப்போது வயதானவர்கள் யார் வந்தாலும், வீட்டில் மிச்ச மாத்திரை இருக்கிறதா என்று முதலில் கேட்கிறேன். அந்த அம்மாவிடம் மட்டும் அந்த அட்டையைத் திரும்பக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.