அண்ணன் முறை

ஜீவனஹள்ளியில் நான் இப்போது குடியிருக்கும் வீட்டில் கரப்பானுக்கு மருந்தடிக்க ஆள் வந்திருந்தான். அந்த வாடை பட்டதும் எங்கள் கடலைக்காடு ஞாபகம் வந்தது.

அத்தையும் பக்கத்துக் காட்டு முருகேசன் சித்தப்பாவும் சின்ன வயசிலிருந்தே சேர்ந்து களையெடுத்தவர்கள். பங்காளி வீடு என்பதால் ஊருக்கு முன்னால் அவரை 'அண்ணா' என்றுதான் கூப்பிடுவாள்.

எனக்கு அப்போது எட்டு வயது. ஒருநாள் சாப்பிடும்போது அப்பாவிடம் சொன்னேன். "காட்டுல மட்டும் அத்தை அவர மாமான்னு கூப்பிடுது."

அப்பா பாதிச் சோற்றில் கை கழுவினார். யாரும் அத்தையை அடிக்கவில்லை. அவசரமாக மாப்பிள்ளை பார்த்தார்கள். நிச்சயத்துக்கு முந்தின நாள் அத்தை வரப்பில் கிடந்தாள். பக்கத்தில் பூச்சிமருந்து டப்பா காலியாகக் கிடந்தது.

அண்ணன் முறை என்று முருகேசன் சித்தப்பாவையும் பாடை தூக்க வைத்தார்கள்.

"வாடை சாயங்காலத்துக்குள்ள போயிடும் அக்கா" என்கிறான் மருந்தடித்தவன். தலையாட்டுகிறேன்.