நின்றாள், திரிந்தாள்

மலாயாவுக்கு மெர்டேக்கா என்ற சுதந்திரம் வந்த மறு ஆண்டு, மலாக்காவின் காஜா பெராங்கில் எங்கள் வீட்டின் முன்னறையில் ஒரு மாணவி தங்கியிருந்தாள். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி விடுதியில் இடம் கிடைக்காமல் வந்தவள். ஜொகூர்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் அவள் அப்பா கிராணி, அதாவது ஆபீஸ் கணக்கர். மகளைக் கொண்டுவந்து விட்ட அன்று அவர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று.

"தம்பி, எங்க போனாலும் துணைக்கு ஆள் அனுப்பிடுங்க."

நான் வாயைத் திறப்பதற்குள் என் மனைவி சொன்னாள். "அனுப்ப மாட்டோம்ண்ணே."

அவர் அதை வேடிக்கைப் பேச்சென்று எடுத்துக்கொண்டு சிரித்தார். அவள் வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

நான் சிங்கப்பூரில் ஒரு நாளிதழில் துணை ஆசிரியனாக இருந்துவிட்டு, மலாக்காவுக்கு நிருபராக வந்தவன். அதற்கு முந்தைய ஆண்டு முழுவதும் சுதந்திரம் என்ற சொல்லைக் கையிருப்பில் இருந்த பெரிய எழுத்துகளில் போட்டுத் தீர்த்திருந்தோம். அந்தத் தலைப்புகளை எழுதிய பிறகு, நாளைக்கு வகுப்பறையில் நாற்பது பிள்ளைகளை மேய்க்கப் போகிறவளைக் கையைப் பிடித்துப் பஸ் ஏற்றிவிட எனக்கு மனம் வரவில்லை.

தோட்டத்தில் அவள் தனியாகக் கடைக்குக்கூடப் போனதில்லை. முதல் சில நாள்கள் காலையில் புடவை கட்டி, பையை மாட்டிக்கொண்டு, யாராவது கூட வருவார்கள் என்று வாசலில் நின்றாள்.

"என்னா பாத்துக்கிட்டு நிக்கிற? ரோடு அங்கதான் இருக்கு," என்றாள் என் மனைவி.

பேப்பர்காரன் வீட்டில் வயசுப் பெண்ணுக்குக் காவல் இல்லை என்று தெருவில் பேச்சு எழுந்தது. அது எங்கள் காதில் விழ வேண்டும் என்றே பேசினார்கள். விழுந்தது. நாங்கள் ஒன்றையும் மாற்றவில்லை.

பத்து பெரெண்டாமில் ஒரு பள்ளியில் அவளுக்குக் கற்பித்தல் பயிற்சி போட்டார்கள். முதல் நாள், எந்தப் பஸ் என்று தெரியாமல், கோயில் பக்கத்தில் வாசல் பெருக்கிக்கொண்டிருந்த ஓர் அம்மாளிடம் தமிழில் கேட்டிருக்கிறாள். அந்த அம்மாளுக்கு நெற்றியில் குங்குமம், கொண்டையில் பூ, உடுத்தியிருந்தது மலாய்ப் பெண்களைப் போல சாரோங்கும் கெபாயாச் சட்டையும். பல தலைமுறைகளுக்கு முன் மலாக்காவில் குடியேறிய தமிழ் வணிகர்களின் வழிவந்த சிட்டி மக்கள் எங்கள் பகுதியில் அதிகம். அம்மனைக் கும்பிடுவதில் நமக்கும் அவர்களுக்கும் வித்தியாசம் இல்லை. வீட்டில் பேசுவது மட்டும் மலாய். தோட்டத்துப் பெண்ணுக்கு அது தெரியாது. அந்த அம்மாளுக்குப் புரிந்தது பஸ் என்ற ஒரு சொல்தான். அப்போது வந்துகொண்டிருந்த பஸ்ஸை நல்லெண்ணத்தோடு கை காட்டிவிட்டார். அது இவளை வேறு திக்கில் இருந்த செமாபோக்கில் கொண்டுபோய் இறக்கியது.

அங்கே வெயிலில் நின்று, தெரிந்த அரைகுறை மலாயில் விசாரித்து, பஸ் மாறி, பாதிப் பள்ளி முடிந்த பிறகு போய்ச் சேர்ந்தாள். மாலையில் நடந்ததைச் சொன்னபோது என் மனைவி அனுதாபம் எதுவும் காட்டவில்லை.

"நாளைக்கு எப்படிப் போவ?"

"கேட்டு வச்சிட்டேன்க்கா."

மறுநாள் சரியான பஸ்ஸில் போனாள். அந்த அம்மாளோடு மலாயில் பேச ஆரம்பித்தது அதற்கு அடுத்த நாள். "லூ மாவ் பிகி மானா?" எங்கே போகப் போகிறாய் என்று அவர் தினமும் குரல் கொடுப்பார். இவள் விடாமல் பத்து பெரெண்டாம் என்பாள். இருவரும் சிரிப்பார்கள்.

ஆனால் அவள் செமாபோக்கில் நின்றதைத் தோட்டத்து லாரிக்காரர் ஒருவர் பார்த்திருந்தார். செய்தி தோட்டம் போய்ச் சேருவதற்குள் ஒரு வினைச்சொல் மாறிவிட்டது. செமாபோக்கில் தனியாகத் திரிந்தாள்.

அந்த ஞாயிறன்று மகளைத் திரும்ப அழைத்துப்போக அப்பா வந்தார். முதல் தடவை தோட்டத்து லாரியில் எங்கள் வாசலிலேயே வந்து இறங்கியவர், இந்தத் தடவை பஸ்ஸில் வந்திருந்தார். மத்தியானமே வந்திருக்க வேண்டியவர், வெயில் தாழ்ந்த பிறகு வந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"என்னா ஊரு தம்பி இது! நெத்தி நெறைய பட்டை போட்டுக்கிட்டு கோயில் வாசல்ல நிக்கிறான். பேப்பர்காரர் வீடு எங்கய்யான்னு கேட்டா மலாய்ல பேசுறான். நம்மாளு நம்மளயே நக்கல் பண்றான்னு திட்டிப்புட்டேன். அப்புறம் கைய காட்டுனான். போறேன், போறேன், புக்கிட் ரம்பாய் ரோட்டுக்கே போயிட்டேன்!"

தண்ணீரைக் குடித்துவிட்டு மகளைப் பார்த்தார். "பெட்டியக் கட்டு."

"எதுக்குப்பா?"

"செமாபோக்குல திரிஞ்சியாமே."

"நின்னேன். பஸ்ஸுக்கு நின்னேன்."

"எல்லாம் ஒண்ணுதான்."

"ஒண்ணு இல்லண்ணே," என்றேன். "இந்த மாதிரி சொல்லத் திருத்துறதுக்குத்தான் எனக்குச் சம்பளம் குடுத்தாங்க."

அவர் குரலைத் தணித்தார். "சரி தம்பி. இனிமே துணைக்கு ஆள் போகும்னு ஒரு வார்த்த சொல்லுங்க. படிக்கட்டும்னு விட்டுட்டுப் போயிடுறேன்."

சொல்லியிருக்கலாம். சொல்லிவிட்டு மறுநாளே மறந்திருக்கலாம். அவர் வந்து பார்க்கப் போவதில்லை. அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லாவிட்டால் அவள் படிப்பு அன்றோடு முடியும். சொன்னால், துணையோடு போகிற பெண் என்ற பொய்யை அவள் பயிற்சி முடியும்வரை காப்பாற்ற வேண்டியிருக்கும்.

"சொல்ல மாட்டேன்ண்ணே."

"அப்பப் பெட்டியக் கட்டு. மெர்டேக்கா நாட்டுக்குத்தான். ஒனக்கு யாரு குடுத்தா?"

"கேட்டா குடுத்திருப்பீங்களாக்கும்," என்றாள் என் மனைவி.

பெண் பெட்டியின் பக்கம் போகவில்லை. நாற்காலியை இழுத்து அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"மத்தியானமே வர வேண்டியவரு, இவ்ளோ நேரம் எங்கப்பா இருந்தீங்க?"

"அதான் சொன்னேனே. வழி தெரியாம, அந்தாளு பேசுறது புரியாம..."

"திரிஞ்சீங்களா?"

என் மனைவி அவசரமாக அடுப்படிக்குள் போனாள். உள்ளே ஒரு பாத்திரம் விழும் சத்தம் கேட்டது. அவர் காலி டம்ளரைத் தள்ளிவைத்தார். கோபம் போகவில்லை, ஆனால் அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் தவித்தார்.

"நின்னுக்கிட்டும் இருந்தேன்," என்றார் கடைசியில்.

"நானும் அதத்தான்பா சொல்றேன்."

"வாயி ரொம்ப நீண்டு போச்சு."

காப்பி வந்தது, குடித்தார். பெட்டியைப் பற்றிப் பிறகு பேசவில்லை. சம்மதம் என்றும் சொல்லவில்லை. புறப்படும்போது வாசலில் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூட வர்றீங்களா தம்பி?"

"ஒங்க பொண்ணு வரும்ண்ணே."

அவள் ஏற்கெனவே செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். கோயிலைத் தாண்டும்போது அந்த அம்மாள் வழக்கம்போல் குரல் கொடுத்தார். அவள் ஏதோ சொல்லிச் சிரித்தாள். என்ன சொன்னாள் என்று அப்பா கேட்பது தெரிந்தது, பதில் எனக்குக் கேட்கவில்லை. அவள் வேகமாக நடந்தாள். அவர் ஓரடி பின்னால் போனார். வழி அவருக்குத் தெரியாது.